ஆறாம் கிணற்றின் பதினொரு அளவுகள்

பத்து மணிக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் ஐந்து பேர். மேசையின் தலைமாட்டில், மின்விசிறிக்கு நேர் கீழே, நிலைய மேலாளர். அவருக்கு வலக்கைப் பக்கம், பதிவேடுகளை மடியில் அடுக்கி வைத்துக்கொண்டு எழுத்தர். இடப்பக்கம், சட்டென்று எழுந்து போக வசதியாக நாற்காலியைப் பாதி திருப்பிப் போட்டுக்கொண்டு ஃபிட்டர். மேலாளருக்கு எதிரே, சுவரில் மாட்டியிருந்த எட்டு எண்ணெய்க் கிணற்று வரைபடத்துக்கு முதுகைக் காட்டியபடி அவள். ஐந்தாமவருக்கு மேசையில் இடம் இல்லை. கதவோரம் கிடந்த முக்காலியில், தலைக்கவசத்தை முழங்கால்மேல் கவிழ்த்து வைத்து உட்கார்ந்திருந்தார். அவர்தான் அளவுக்காரர். காலையும் மாலையும் எட்டுக் கிணற்றுக்கும் போய், அழுத்தமானியின் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது அவர் வேலை. பத்தொன்பது வருஷமாக அந்த வேலை. அவளுக்கு அவர் அக்கா வீட்டுக்காரர்.

மேலாளர் தலைமை அலுவலகக் கடிதத்தை எடுத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, வாய்விட்டுப் படித்தார்.

“ஆறாம் கிணறு. கணிப்பு, நாளொன்றுக்கு அறுநூறு பீப்பாய். தனித்தொட்டியில் விட்டு அளந்தது எண்ணூறு. தங்கள் அறிக்கையின் அடிக்குறிப்பில், பதினொரு அழுத்த அளவுகள் ‘படித்தவர் பிழை’ என விலக்கப்பட்டுள்ளதாகக் காண்கிறோம். அப்படிப் படித்தவர்மேல் எடுத்த நடவடிக்கையை இன்றைய தபால் பையிலேயே தெரிவிக்கவும்.”

படித்தவர் பிழை. அந்த இரண்டு சொல்லும் அவள் எழுதியவை. மூன்று வாரத்துக்கு முன்னால், வண்டி புறப்படும் அவசரத்தில், வரைபடத்தின் கோட்டுக்கு ஒத்துவராமல் நாளுக்கு ஒன்றாக எட்டி நின்ற பதினொரு புள்ளிகளைச் சிவப்பு மையால் வளைத்துவிட்டுக் கீழே பொடி எழுத்தில் எழுதினாள். எழுதும்போது முள்ளைப் ‘படித்தவர்’ என்று ஒரு ஆள் இருப்பதாகவே தோன்றவில்லை. அது பிழைகளில் ஒரு வகை, அவ்வளவுதான்.

அந்த அலுவலகத்தில் அவளுக்கு ‘சூத்திரம்’ என்று பேர். காரணம் இல்லாமல் வரவில்லை. கிணற்று வாயிலிருந்து எண்ணெய் மட்டும் வருவதில்லை; வாயுவும் தண்ணீரும் கூடவே முட்டிக்கொண்டு வரும். குறுகிய வாசலில் மூன்று பேர் ஒரே சமயம் நுழைகிற மாதிரி. வருகிற வேகத்தை மட்டுப்படுத்த வாயிலேயே சோக் என்று ஒரு நெரிப்பு; நெரிபட்டு வரும் வாயு விரிந்து குளிர்வதால் அதன்மேல் பனி பூக்கும். அதற்குள்ளே கட்டைவிரல் நீளத்துக்கு ஓர் உருக்குத் துண்டு, நடுவில் ஒரு துளை. துண்டுக்குப் பேர் பீன். ஓர் அங்குலத்தை அறுபத்துநாலாகக் கூறு போட்டால் துளை அதில் எத்தனை கூறு என்று பீனின் முதுகில் எண் அடித்திருக்கும். ஆறாம் கிணற்றுக்கு இருபத்துநாலு. ஒவ்வொரு கிணற்றையும் தினம் தனித்தொட்டியில் விட்டு அளக்க எங்கேயும் முடியாது. ஆகவே துளையின் எண், சோக்குக்கு முன்னால் இருக்கும் அழுத்தம், எண்ணெய்க்கு எவ்வளவு வாயு, இந்த மூன்றையும் கொடுத்தால் இன்று இத்தனை பீப்பாய் என்று சொல்லும் ஒரு சூத்திரத்தை இந்த எட்டுக் கிணற்றுக்கென்றே அவள் உட்கார்ந்து உட்கார்ந்து பொருத்தியிருந்தாள். மூன்று வருஷமாக நூற்றுக்கு ஐந்துக்கு மேல் அது தப்பியதில்லை. அடுத்த மாதம் தலைமை அலுவலகக் குழு ஒன்று அதை நாற்பத்திரண்டு கிணறுகளுக்கு எடுத்துக்கொள்வதாக இருந்தது. தற்காலிகமாக இருக்கும் அவள் வேலையை நிரந்தரமாக்குவதும் அதே குழுவின் கையில்தான்.

“என்னய்யா,” என்று மேலாளர் முக்காலிப் பக்கம் திரும்பினார். “பதினோரு நாளும் ரூம்ல உட்கார்ந்தே எழுதிட்டீங்களா?”

“இல்ல சார். முள்ளு காட்டினதத்தான் எழுதினேன்.”

“ஆயிரத்து இருநூறுல நின்ன முள்ளு ஆயிரத்து முப்பதுக்கு எறங்கிடுச்சாம். சரி, எறங்கட்டும். அழுத்தம் எறங்கினா எண்ணெயும் எறங்கணும்ல? எழுநூறு வந்த எடத்துல எண்ணூறு வருதே. அழுத்தம் கொறைஞ்சு தண்ணி கூடுதலா கொட்டுற குழாய உங்க வீட்டுல பாத்திருக்கீங்களா?”

எழுத்தர் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்காததால் அதைத் தும்மலாக மாற்றிக்கொண்டார். “தனித்தொட்டி மீட்டர்ல கோளாறா இருக்கலாமோ சார்?”

“போன மாசம் நான்தான் கழட்டிச் சோதிச்சேன்,” என்றார் ஃபிட்டர். “மீட்டர் மேல குத்தம் சொல்ல முடியாது.”

“அப்ப மீட்டர் சரி. சூத்திரம் மூணு வருஷமா சரி. மிச்சம் யாரு?”

எல்லார் கண்ணும் முக்காலிக்குப் போயிற்று. அளவுக்காரர் தலைக்கவசத்தின் பட்டையை ஒருமுறை இழுத்து விட்டார்.

“சோக்குல சத்தம் மாறியிருக்கு சார். எழுதியும் வச்சிருக்கேன்.”

“சத்தமா?” மேலாளர் அவளைப் பார்த்தார். “மேடம், உங்க சூத்திரத்துல சத்தத்துக்கு எடம் இருக்கா?”

“இல்ல சார்,” என்றாள்.

கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தான். ஆனால் சொன்ன மாத்திரத்தில் மாமா அவளைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

பணிநீக்கத்துக்குப் பரிந்துரை என்று முடிவாயிற்று. நாலரை மணி வண்டியில் பை போகும். கடிதம் அதில் இருக்க வேண்டும். யார் எழுதுவது என்ற பேச்சு வந்தபோது மேலாளர் யோசிக்கவே இல்லை.

“நீங்களே எழுதுங்க மேடம். வேற யாரு எழுதினாலும், சொந்தக்காரரு, அதான் பூசி மெழுகிட்டாங்கம்பாங்க. உங்க கையால போச்சுன்னா பேச்சே இல்ல.”

தன் அறைக்கு வந்து தாளை எடுத்து வைத்தாள். தேதி எழுதினாள். பெறுநர் எழுதினாள். பொருள் என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, பேனாவின் மூடியைக் கழற்றினாள், மாட்டினாள், கழற்றினாள். அதற்குள் தொலைபேசி.

“உங்க மாமா சாப்பாட்டுத் தூக்க வச்சிட்டுப் போயிட்டாரு,” என்றாள் அக்கா. “ரெண்டு பேருக்கும் சேத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட குடுத்தனுப்பிட்டேன். காலையில ஒரு மாதிரியா இருந்தாரு. சட்டையில பொத்தான மாத்திப் போட்டுக்கிட்டு நின்னாரு. ஆபீஸ்ல ஏதும் விஷயமா?”

“ஒன்னுமில்லக்கா.”

“ஒன்னுமில்லன்னு நீ இழுக்குற இழுப்புலயே ஒன்னு இருக்குன்னு தெரியுது.”

“கூட்டம் இருந்துச்சு. அவ்வளவுதான்.”

“அவரு எதுலயும் வாயத் தொறக்க மாட்டாரு. நீ இருக்கங்கிற தெம்புலதான் நான் இருக்கேன். பாத்துக்க.”

ரிசீவரை வைத்தாள்.

கடிதத்தோடு பதிவேட்டுப் பக்கங்களின் நகல் வைக்க வேண்டும். எழுத்தரிடம் போய் மூலப் பதிவேட்டை வாங்கி வந்தாள். மூன்று வருஷமாக அந்தப் பதிவேட்டின் எண்கள்தான் அவளுக்குச் சோறு. ஆனால் எண்களை எழுத்தர் கணினியில் ஏற்றி அனுப்புவார். மூலத்தைக் கையில் எடுத்தே வருஷமாகிறது. கணினியில் ஏழு பத்தி. பதிவேட்டில் எட்டு. எட்டாவது பத்தியின் தலைப்பு ‘குறிப்பு’. அதில் எண் இல்லை என்பதால் ஏற்ற வேண்டாம் என்று முதல் வாரத்திலேயே எழுத்தரிடம் சொன்னவள் அவள்தான்.

சிவப்பு மையால் வளைத்த நாள்களைத் தேடினாள். மாமாவின் எழுத்து, வரிசையாக, இடப்பக்கம் சாய்ந்து.

முதல் நாள்: ‘சீட்டி மாதிரி இருந்த சத்தம் தடித்திருக்கிறது.’

மூன்றாம் நாள்: ‘சோக்மேல் பனி பூப்பது குறைவு.’

ஐந்தாம் நாள்: ‘கை வைத்தால் கரகரப்பு. மணல் வருகிறதோ?’

எட்டாம் நாள்: ‘நேற்று எழுதியதுதான். யாராவது வந்து பார்த்தால் நல்லது.’

பதினொன்றாம் நாள்: ‘முள் 1030. திரும்பப் போய்ப் பார்த்தேன். 1030தான்.’

அவள் எழுந்து நின்றாள். எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தாள். மேலாளர் கேட்ட குழாய்க் கேள்வி காதுக்குள் திரும்ப வந்தது. அழுத்தம் குறைந்து தண்ணீர் கூடுதலாகக் கொட்டுகிற குழாயை அவள் பார்த்திருக்கிறாள். எல்லார் வீட்டிலும் இருக்கிறது. குழாயின் வாயை அகலத் திறந்தால் அப்படித்தான் ஆகும்.

பென்சிலை எடுத்தாள். சூத்திரத்தைத் தலைகீழாகப் போட்டாள். அழுத்தம் ஆயிரத்து முப்பது, வரவு எண்ணூறு பீப்பாய். அப்படியானால் துளை எவ்வளவு? துளை கொஞ்சம் பெருத்தால் வரவு அதைவிட வேகமாகப் பெருக்கும், கிட்டத்தட்ட அதன் வர்க்கத்துக்கு. கணக்கு இருபத்தெட்டில் வந்து நின்றது. இன்னொரு தாளில் முதலிலிருந்து போட்டாள். இருபத்தெட்டு.

இருபத்துநாலு என்பது பீனின் முதுகில் அடித்த எண். மூன்று வருஷத்துக்கு முன்னால் கோப்பிலிருந்து எடுத்துச் சூத்திரத்தில் பதித்தாள். உருக்கில் அடித்த எண் மாறாது. ஆனால் மணல் துளையை அறுத்துக்கொண்டு போனால் முதுகில் இருக்கிற எண்ணுக்கு என்ன தெரியும்?

இதுவும் ஊகம்தான். பீனைக் கழற்றிப் பார்த்தால்தான் உறுதி. சரியாக இருந்தால் மாமாவின் வேலை தப்பும். இல்லாவிட்டால் அக்கா வீட்டுக்காரருக்காகக் கிணற்றை மூட வைத்தவள் என்ற பேரோடு அதே கடிதத்தை அவளே எழுத வேண்டிவரும். இதற்கெல்லாம் அடியில் இன்னொரு நினைப்பு நெளிந்தது: பீனைத் தின்கிற மணல் பீனோடு நிற்காது. அதற்கு அடுத்த வளைகுழாயையும் தின்னும். மாமா முள்ளைப் பார்ப்பதற்காக இன்று காலையும் அந்த வளைவிலிருந்து இரண்டு முழம் தள்ளித்தான் நின்றிருப்பார். மூன்று மணிக்கு மறுபடி போய் நிற்பார்.

மேலாளர் சாப்பாட்டுக்குக் கை கழுவிக்கொண்டிருந்தார். அவள் தாளை நீட்டினாள். ஈரக் கையால் வாங்காமல் தலையை மட்டும் சாய்த்துப் பார்த்தார்.

“கிணத்த மூடணுங்கிறீங்க.”

“ஒரு மணி நேரம் சார்.”

“காலையில சத்தத்துக்கு எடம் இல்லன்னீங்க. இப்ப சத்தத்த நம்பிக் கிணத்த மூடணும். நடுவுல யாரு போன் பண்ணாங்க, அக்காவா?”

“பண்ணாங்க சார். சாப்பாடு அனுப்பியிருக்கேன்னு சொன்னாங்க.”

“மூடுற ஒவ்வொரு மணிக்கும் மேல இருக்கவங்களுக்கு நான் பதில் சொல்லணும். உங்களுக்குத் தெரியாததில்ல.”

“வளைகுழாய் உடைஞ்சா அதுக்கும் நீங்கதான் சார் பதில் சொல்லணும். அப்ப நான் இந்தத் தாளக் குடுத்தேங்கிறதையும் சேத்துச் சொல்லவேண்டி வரும்.”

இப்படிப் பேச அவளுக்கு வரும் என்று அவளுக்கே தெரியாது. மேலாளர் துண்டை எடுத்து விரல் விரலாகத் துடைத்தார்.

“ஒரு மணி நேரம். நிமிஷம் கூடினா நான் வாக்கிடாக்கில கத்துவேன். துளை இருபத்துநாலா இருந்துச்சுன்னா, வந்ததும் அந்தக் கடிதத்த முடிச்சுக் குடுக்கிறீங்க. எம்மேல வருத்தப்படக் கூடாது.”

ஆறாம் கிணற்றுக்கு ஜீப்பில் இருபது நிமிஷம். ஃபிட்டர் ஓட்டினார், அவள் பக்கத்தில், மாமா பின்னால். சாப்பாட்டுத் தூக்கு அவள் காலடியில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் சளசளத்தது.

இறங்கினதும் முதலில் அவள் முள்ளைப் பார்த்தாள். ஆயிரத்துப் பத்து. மூன்று வருஷத்தில் அந்த முள்ளைத் தன் கண்ணால் பார்ப்பது இது இரண்டாம் தடவை. சத்தத்தையும் கேட்டாள். முன்பு எப்படி இருந்தது என்று தெரியாததால் இப்போது மாறியிருக்கிறதா என்று சொல்லத் தெரியவில்லை. தொண்டை கட்டினவர் மூச்சு விடுவதுபோல இருந்தது.

“அந்த வளைவுகிட்ட நிக்காதீங்க மாமா.”

“பத்தொம்பது வருஷமா அங்கதான நிக்கிறேன்,” என்றார். ஆனாலும் நகர்ந்தார்.

ஃபிட்டர் முதன்மை வால்வை மூடினார். அடுத்ததையும் மூடி, நடுவில் அடைபட்ட அழுத்தத்தை மெல்ல வெளியே விட்டார். முள் இறங்கியது. எண்ணூறு, ஐந்நூறு, இருநூறு. பூஜ்யத்தில் நின்ற பிறகும் ஃபிட்டர் இரண்டு நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். அந்த இரண்டு நிமிஷத்தில் அவள் வேலியின் கம்பங்களை எண்ணி முடித்து, திரும்பவும் எண்ணினாள்.

“ஆச்சா?” என்றது வாக்கிடாக்கி.

“ஆவும் சார், ஆவும்,” என்றார் ஃபிட்டர். அவளிடம் திரும்பி, “இவரு பிரசவ வார்டு வாசல்ல நிக்கிற மாதிரியே கேக்குறாரு,” என்றார்.

மூடி இறுகிப்போயிருந்தது. நீள ஸ்பேனரில் ஃபிட்டரும் மாமாவும் சேர்ந்து தொங்கித் திருப்பினார்கள். கடைசியில் பீன் ஃபிட்டரின் கையுறையில் வந்து உட்கார்ந்தது. எண்ணெயைத் துடைத்து முதுகைக் காட்டினார். இருபத்துநாலு. எழுத்து கூர்மையாக, நேற்று அடித்ததுபோல இருந்தது.

அவள் குனிந்து அந்த எண்ணைத் திரும்பப் படித்தாள்.

ஃபிட்டர் பையிலிருந்து துளைக்கம்பிகளை எடுத்தார். துளைபோடும் பிட்டின் மழுமழுப்பான தண்டுதான் அவர் அளவுகோல். இருபத்துநாலு அளவுத் தண்டை விட்டார். புதுப் பீனாக இருந்தால் அது பிடித்து நிற்கும். இது அவர் விரலைவிட்டு நழுவி மறுபக்கமாக மண்ணில் விழுந்தது. யாரும் குனிந்து எடுக்கவில்லை. இருபத்தாறு ஆடியது. இருபத்தெட்டு, நெருடிக்கொண்டு உள்ளே போய் நின்றது.

“இருபத்தெட்டு,” என்றார். “ஒரு பக்கம் இன்னும் கொஞ்சம் சாஞ்சே தின்னுருக்கு.”

பிறகு சொல்லாமலே வளைகுழாயின் இணைப்பைக் கழற்றி, உள்ளே விரலை விட்டுத் தடவினார். அவர் முகம் மாறுவதை அவள் பார்த்தாள். விரலை எடுத்து, கையுறையைக் கழற்றி, வெறும் விரலால் இன்னொரு முறை தடவினார்.

“பள்ளம் விழுந்திருக்கு. வெளிச்சுவர் ஒரு நகக்கனம் இருந்தா அதிகம். இன்னும் பத்து நாள் ஓடியிருந்தா...” என்று அளவுக்காரரைப் பார்த்தார். வாக்கிடாக்கியை எடுத்து, “சார், இந்தக் கிணறு இன்னிக்குத் தொறக்காது,” என்றார்.

வளைவை அவிழ்த்துப் போட ஃபிட்டருக்கு இன்னும் வேலை இருந்தது. அவளும் மாமாவும் ஜீப்பின் நிழலில் நின்றார்கள். அவள் பீனைத் துணியில் சுற்றிக் கையில் வைத்திருந்தாள்.

“மாமா, அந்த அடிக்குறிப்பு எழுதினது நான்தான்.”

“தெரியும்.”

“யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்? காலையில அவரு படிக்கும்போதே தெரிஞ்சிடுச்சு. ‘படித்தவர் பிழை’ன்னு இவ்வளவு சுத்தமா இந்த ஆபீஸ்ல வேற யாரு எழுதுவா?” அவர் தூக்கைத் திறந்து மேல் தட்டை அவளிடம் நீட்டினார். “உங்க அக்காகிட்ட இதச் சொல்லாத. என்னைய விட்டுடுவா, உன்னைய விடமாட்டா.”

“நீங்க ஏன் இன்னும் அழுத்திச் சொல்லல?”

“எழுதினேன்ல. எட்டாம் நாளும் எழுதினேன். எழுதினதையே வாயாலயும் சொன்னா கெஞ்சுற மாதிரி ஆயிடும்.” ஒரு வாய் மென்று விழுங்கினார். “உனக்கு அதப் படிக்க ஒழியலன்னு நெனச்சுக்கிட்டேன்.”

ஒழியாமல் இல்லை, படிக்க வேண்டாம் என்று தானே சொல்லி வைத்தேன் என்று அவளுக்குச் சொல்ல வந்தது. வாயில் சோறு இருந்தது. சொல்லவில்லை.

மூன்றேகாலுக்கு அலுவலகம் திரும்பினார்கள். மேலாளர் பீனைக் கையில் உருட்டிப் பார்த்தார். துளை வழியாக ஜன்னலைப் பார்த்தார்.

“சரி. பணிநீக்கம் கெடையாது. ‘பீன் தேய்மானத்தால் வேறுபாடு; மாற்றப்பட்டது’. ரெண்டு வரியில முடிச்சிடுங்க. உங்க அடிக்குறிப்பப் பத்தி ஒன்னும் எழுத வேணாம்.”

“அப்ப ‘படித்தவர் பிழை’ன்னு போனது அங்க அப்படியே இருக்கும் சார்.”

“இருந்துட்டுப் போகுது. அடியில பொடி எழுத்து. யாரு பாக்கப் போறா?”

“இன்னிக்குக் காலையில பாத்தாங்களே.”

மேலாளர் பீனை மேசையில் வைத்தார். “மேடம், உங்க நல்லதுக்குச் சொல்றேன். அடுத்த மாசம் குழு கூடுது. ஒத்துவராத அளவெல்லாம் தள்ளிட்டுக் கோடு போட்டேன்னு நீங்களே எழுதிக் குடுத்தா, நாப்பத்திரெண்டு கெணத்துக்கு அத எடுப்பாங்களா? உங்க ஃபைல எடுப்பாங்களா? அவரு வேலை தப்பியாச்சு. அதுக்குமேல என்ன?”

அவள் பீனை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனாள். மணி மூன்று நாற்பது.

காலையில் தேதி போட்ட தாள் அப்படியே கிடந்தது. முக்காற்புள்ளிக்குப் பிறகு எழுத ஆரம்பித்தாள். ஆறாம் கிணற்றின் பீன் துளை மணலால் தேய்ந்து இருபத்துநாலிலிருந்து இருபத்தெட்டானது. கணிப்பில் பழைய எண்ணே இருந்ததால் இருநூறு பீப்பாய் குறைத்துக் காட்டியது. இதுவரை சுலபமாக வந்தது. அடுத்த பத்திக்குப் பேனா நகரவில்லை. வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. எஞ்சினை அணைக்காமல் ஓட்டுநர் எழுத்தரோடு பேசிக்கொண்டிருந்தார்.

மேலாளர் சொன்ன ஒவ்வொன்றும் நிஜம். குழு என்ன சொல்லும் என்று அவளால் கணிக்க முடியவில்லை. அதற்குச் சூத்திரம் இல்லை. நல்லதாகப் போக ஒரு வழி தோன்றினால் கெட்டதாகப் போக நாலு வழி தோன்றியது.

எழுதினாள்:

‘எனது அறிக்கையின் அடிக்குறிப்பில் படித்தவர் பிழை எனக் குறித்தது தவறு. அந்தப் பதினொரு அளவுகளும் சரியானவை. அவற்றை விலக்கியவள் நான். பதிவேட்டின் குறிப்புப் பத்தியைக் கணினியில் ஏற்ற வேண்டாம் என்று சொன்னவளும் நானே. தேய்மானத்தின் அறிகுறியை அளவுக்காரர் முதல் நாளிலேயே அதில் எழுதியிருக்கிறார். எட்டாம் நாள் வந்து பார்க்கும்படி கேட்டுமிருக்கிறார். அந்த அடிக்குறிப்பை நீக்கி, இக்கடிதத்தை அவருடைய கோப்பிலும் என்னுடைய கோப்பிலும் வைக்கக் கோருகிறேன். துளையை அளந்து திருத்தாதவரை எனது சூத்திரத்தை வேறு கிணறுகளுக்குப் பயன்படுத்த வேண்டாம்.’

கையெழுத்துப் போட்டாள். இணைப்பு ஒன்று, பதிவேட்டுப் பக்கங்களின் நகல், எட்டுப் பத்தியோடும். இணைப்பு இரண்டு, பீன். அதை மூன்று சுற்றுத் துணியில் பொதிந்து நூல் கட்டினாள். மேலாளரின் மேசைக்குக் கொண்டுபோனாள். அவர் முழுக்கப் படித்தார். இரண்டாவது பத்தியில் அவர் பேனா ஒரு கணம் தாளுக்கு மேலே நின்றது. பிறகு கீழே இறங்கி, ‘அனுப்பலாம்’ என்று எழுதி முதலெழுத்துப் போட்டது.

“உங்க இஷ்டம்,” என்றார், அவளைப் பார்க்காமல்.

நாலு இருபத்தாறு. உறைக்குள் கடிதத்தை வைத்தாள், வெளியே எடுத்தாள், கையெழுத்துக்குக் கீழே தேதி இருக்கிறதா என்று பார்த்தாள், மறுபடி வைத்தாள். பசை தடவி மடக்கி, ஓரத்தை நகத்தால் இரண்டு முறை நீவினாள். மெழுகை உருக்கி மடிப்பின் நடுவில் விட்டு முத்திரையை அழுத்தினாள். விரலில் ஒரு சொட்டுப் பட்டது சுட்ட பிறகுதான் தெரிந்தது. பீன் பொட்டலத்தை உறையோடு சேர்த்துக் கட்டி வாசலுக்குப் போனாள்.

“என்னம்மா இது, கல்லா?” என்றார் ஓட்டுநர், கையில் ஏந்திப் பார்த்து.

“இரும்புண்ணே. கடிதத்தோட போகணும். தனியா விட்டுடாதீங்க.”

அவர் இரண்டையும் பைக்குள் போட்டு, வாயை இழுத்துக் கட்டி, பின்னால் வைத்துக் கதவை அடித்துச் சாத்தினார்.